புழு தின்ற மேசையின் பெருமை

அரெட்ஸோ, இத்தாலி.

மகாராஜஸ்ரீ சித்தப்பா அவர்களுக்கு,

கட்டையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது எந்தக் காட்டில் வளர்ந்தது, எத்தனை மழையில் நனைந்தது என்பது வரையில் சொல்லிவிடும் தங்களுக்கு, இவ்வூரில் மரச்சாமான் விற்கும் விசித்திரத்தைத் தெரிவிக்காமல் இருப்பது துரோகம் என்று தோன்றியபடியால், குளிரைப் பற்றிய புலம்பலை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு முந்தின சனிக்கிழமையும் இங்கே பழம்பொருள் சந்தை கூடுகிறது. இவான் புரூஸ்கி என்ற உள்ளூர்ப் பிரமுகர் 1968-இல் ஆரம்பித்து வைத்தது. ஓவியர்களின் சரித்திரத்தை எழுதிய வசாரி இவ்வூர்க்காரர்; அவர் திட்டம் போட்டுக் கொடுத்த நீண்ட தாழ்வாரத்தின் கீழே இருக்கும் பெரிய சதுக்கந்தான் சந்தையின் நடுநாயகம். அந்தச் சதுக்கமோ சமதரையல்ல. ஒரு பக்கம் ஓங்கி மறுபக்கம் சரிந்து கிடப்பது. ஆகையால் அங்கே விலைக்கு வைத்திருக்கும் மேசைகளெல்லாம் ஒரு காலுக்கு ஆப்புச் செருகிக்கொண்டு நிற்கின்றன. ‘மேசை ஆடுகிறதே!’ என்று யாராவது கேட்டால், வியாபாரி மேசையை விட்டுவிட்டு ஊரைக் குற்றம் சொல்கிறார்.

சென்ற ஞாயிறன்று தங்கள் மருமகளும் நானும் பார்த்தது, சந்நியாசிகளின் போஜனசாலையில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நீண்ட மேசை. மரம் வால்நட், நம் தேக்கைவிடக் கறுப்பு, தொட்டால் பட்டுப் போலிருக்கிறது. இரு முனைகளிலும் கனத்த கால்கள். அவற்றைச் சேர்த்துத் தரைக்குச் சற்று மேலே ஒரு குறுக்குக் கட்டை, கழுந்து மாட்டி ஆப்பு அடித்தது. மடங்களில் இருந்த மேசை சந்தைக்கு எப்படி வந்ததென்று தாங்கள் கேட்பீர்கள். 1810-இல் நெப்போலியன் ஆட்சியில் இந்நாட்டு மடங்கள் பல மூடப்பட்டன. தப்பிப் பிழைத்தவற்றையும் மீண்டும் முளைத்தவற்றையும், இத்தாலி ஒரே ராஜ்யமான பிறகு 1866-ஆம் வருஷத்துச் சட்டம் கலைத்து, சொத்துக்களை அரசாங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டது. சந்நியாசிகள் சாப்பிட்ட இடத்தில் சம்சாரிகள் சாப்பிடும் யோகம் அப்படி வாய்த்தது.

இனி வியாபார சாதுரியத்தைக் கேளுங்கள். நம் பக்கத்துக் கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் வழுக்கையைத் தலைப்பாகையால் மறைத்துவிட்டு அவர் சம்பளத்தைப் பேசுவார். இந்த மேசை வியாபாரியோ மேசையின் சம்பளத்தைப் பற்றி மூச்சே விடாமல், வழுக்கையை மட்டும் விஸ்தாரமாகப் பாடுகிறார். ‘பாருங்கள், இங்கே கறை! இங்கே வெடிப்பு! இங்கே புழு!’ என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட விலை ஏறிக்கொண்டே போகிறது.

இவையெல்லாம் பழமைக்குச் சாட்சிதானா என்று எனக்குச் சந்தேகம் இருப்பதைக் கண்டுகொண்டு, என்னைக் குனியச் சொல்லி அந்தக் குறுக்குக் கட்டையைத் தடவிப் பார்க்கச் செய்தார். துறவிகள் சுவரோரமாக ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது வழக்கமாகையால், ஒரு பக்கத்து விளிம்பு மாத்திரம், தலைமுறை தலைமுறையாகக் கால் வைத்த இடங்களில் அம்மிக் கல்லைப் போல் குழிந்து வழவழத்துக் கிடந்தது. எதிர்ப்பக்கம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. இதைப் பட்டறையில் செய்துவிட முடியாதா என்றால், முடியும். ஆனால் மோசடி செய்கிறவனுக்கு இரண்டு பக்கமும் தேய்க்கத்தான் கை போகும் என்கிறார்.

புழுத்துளைக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. வண்டின் புழு மரத்துக்குள்ளேயே சில வருஷம் தின்று வளைந்து வளைந்து போய், கடைசியில் வண்டாகி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு வாசல் திறந்துகொண்டு வெளியே பறந்துவிடுகிறது. ஆகவே துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டால் சிறிது தூரத்தில் முட்டிக்கொள்ள வேண்டும். தடையில்லாமல் நேரே இறங்கினால் அது துரப்பணத்தின் வேலை. மேல்பலகையில் துளைக்குப் பதில் வாய்க்கால் மாதிரி நீளக் கோடுகள் தெரிந்தாலோ, புழு தின்ற பழைய உத்தரத்தைப் பிற்காலத்தில் அறுத்து மேசையாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தங்கள் மருமகளின் கவலை வேறு. இது வீட்டுக்கு வந்தால் அரிசி டப்பாவுக்கும் புழு வருமோ என்று கேட்கச் சொன்னாள். அவர் மேசையின் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, மேலே இரண்டு குத்துக் குத்தினார். மாவு உதிரவில்லை, குடித்தனம் காலியாகி வெகுகாலம் ஆயிற்று என்று சத்தியம் செய்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேசையைக் கவிழ்த்து அடிவயிற்றைக் காட்டினார். சாப்பிடுகிறவன் கண்ணில் படாத அந்தப் பக்கத்தை அக்காலத்து ஆசாரி மினுக்கவில்லை. இழைப்புளி ஓடிய அலைகள் அப்படியே இருக்கின்றன. வட்ட ரம்பத்தின் வில் போன்ற கீறல் ஒன்று தென்பட்டிருந்தாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் போகாது என்று எழுந்து வந்திருப்பேன், தென்படவில்லை.

விலை 3,200 யூரோ என்றார். பேரம் 2,800-இல் நின்றது. ஊருக்கு அனுப்பலாமா என்று விசாரித்தேன். 70 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ளதானால், அரசாங்க அனுமதியில்லாமல் எல்லை தாண்டாது; இது அந்தத் தொகைக்கு எட்டவில்லை என்பதை வியாபாரி மிகுந்த வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் குடியிருப்பு மூன்றாவது மாடி. படிக்கட்டோ ஆள் திரும்பவே இடமில்லாத சுருள். ஆகையால் மேசை அவரிடமே இருக்கிறது.

போன கடிதத்தில், கொல்லையில் கிடக்கும் கொள்ளுப்பாட்டி காலத்து வேங்கை மணை உளுத்துவிட்டதென்றும், வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடலாமென்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போட வேண்டாம். அதைத் துடைக்கவும் வேண்டாம். சித்தி எண்ணெய் கிண்ணெய் தடவிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து வைத்து, அடிப்புறத்தை மட்டும் வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்து அனுப்பவும்.

தங்கள் அன்புள்ள,
வெங்கட்ராமன்