காக்கா ஏன் கல்லைப் போட்டுச்சு?

கொரோனாவில் பிள்ளைகள் மறந்துபோன பாடத்தை மீட்க, 2021-ல் அரசு கொண்டுவந்தது ‘இல்லம் தேடிக் கல்வி’. வடசென்னை டோல்கேட்டில் அது எங்கள் வீட்டு மொட்டை மாடியைத் தேடி வந்தது. நான் தன்னார்வலர். சாயங்காலமானால் கீழே நெடுஞ்சாலையின் ஹாரன், மேலே என் தொண்டை.

வாசிப்பதில் எங்கள் மூன்றாம் வகுப்புக்காரர்கள் சூரர்கள். முற்றுப்புள்ளிக்குக்கூட நிற்க மாட்டார்கள். கேள்வி என்று வந்தால்தான், “மிஸ், அடைப்புக்குறி போட்டுக் குடுங்க!” பெரியவர்கள் யாராவது பத்தியில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, கேள்வி எண்ணையும் எழுதிவிட வேண்டும். சீல் உடைக்காத கன்டெய்னர் மாதிரி அதை நோட்டில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். உள்ளே என்ன சரக்கு என்று இறக்கியவருக்கும் தெரியாது, டிக் அடிப்பவருக்கும் கவலையில்லை.

ஒருநாள் பென்சிலை ஒளித்துவைத்துவிட்டு, தாகம் எடுத்த காக்கா கதையை வாசிக்கச் சொன்னேன். “காக்கா ஏன் பானைக்குள்ள கல்லைப் போட்டுச்சு?”

“டம்ளர் இல்ல மிஸ்.”

“லாரித் தண்ணியா மிஸ்? கல்லப் போட்டா எங்கம்மா தோல உரிச்சிடும்.”

கடைசியில் ஒரு பொடியன், “தண்ணி மேல வர்றதுக்கு” என்றான். அப்பாடா என்று நிமிர்வதற்குள், “ஆனா மிஸ், நம்ம கடல்ல அவ்ளோ கல்லு கொட்னாங்களே, தண்ணி மேல வரலியே?”

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கொட்டிக் கிடக்கும் பாறைகளைச் சொல்கிறான். துறைமுகச் சுவர் மணலை மறித்ததில் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே கடல் நம் கரையை அரித்தது. அதைத் தடுக்கப் போட்ட கல். காக்காவை விட்டுவிட்டு அரைமணி நேரம் அலையைப் பற்றிப் பேசினோம். ஒருவரும் ‘ஒன்னுக்கு’ என்று விரல் நீட்டவில்லை; இது என் வகுப்பில் சரித்திரம்.

1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பேஸ்பால் கதை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு பேஸ்பால், எங்களுக்குக் கடல்.

மறுநாள் அந்தப் பொடியனின் அம்மா படியேறி வந்தார். “மிஸ்ஸு, ஒங்களாண்ட அனுப்புனதுலேர்ந்து இவன் பதில் சொல்றத வுட்டுட்டுக் கேள்வியாக் கேக்குறான். கொஞ்சம் கண்டிச்சு வைங்க.”

சரிங்க என்றேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.