பந்தலில் உட்காரலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியை மீட்க, என் நண்பன் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போகிறான். பக்கத்தில் உட்காரட்டுமா, பந்தலைப் பிரிக்கட்டுமா?

பதில்: உட்காருங்கள். ஆனால், பலகையில் இருக்கும் 'சாகும்வரை' என்ற சொல்லை முதலில் அழித்துவிட்டு உட்காருங்கள்.

வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழனைத் தேடி, அதுவரை அவனை நேரில் பார்த்தேயிராத புலவர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே உயிர் விட்டார். அதைத்தான் நட்பின் உச்சம் என்கிறோம். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உடன் வடக்கிருக்க வந்த நண்பர் பொத்தியாரை, 'மகன் பிறந்த பிறகு வா' என்று சோழன் திருப்பி அனுப்பினான். சாகத் துணிந்தவனுக்கே நண்பன் வீட்டுத் தொட்டில் நினைவிருந்தது!

சங்கரலிங்கனாரை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 'தமிழ்நாடு' என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். தலைவர்கள் கைவிடச் சொல்லியும் கேட்கவில்லை. அக்டோபர் 13-இல் இறந்தார். பெயர் வந்தது 1969 ஜனவரி 14-இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

ஏரி நிரம்பும் நாளில் உங்கள் நண்பன் கரையில் நிற்க வேண்டாமா? தினமும் மருத்துவரை அழைத்து வாருங்கள். தண்ணீரும் உப்பும் நிற்கக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிடுவதும் உயிருக்கு ஆபத்து, முடிக்கும்போதும் மருத்துவர் வேண்டும். ஒருவனே 50 நாள் பசித்திருப்பதைவிட, ஊரில் 50 பேர் ஆளுக்கொரு நாள் இருக்கட்டும். முதல் நாள் உங்களுடையது.