கட்டியதும் கழற்றியதும்

தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களில் ‘கட்டுமரம்’ ஒன்று. அங்கே போய் அது ‘கேட்டமரான்’ ஆகி, இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் பெயராகிவிட்டது. இந்தத் தகவலை இத்தனை வருடம் நினைவில் வைத்திருந்ததற்கு ஒரே ஒரு முறைதான் பயன் கிடைத்தது. “இது நம்ம கட்டுமரத்தோட பேரப்பிள்ளைம்மா” என்று ஒரு படகைக் காட்டி மனைவியிடம் சொன்னேன்.

“பேரப்பிள்ளை என்ன விலைங்க?” என்றாள்.

சியாட்டிலுக்குக் குடிவந்த தமிழன் ஏரியைப் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாம்பார் வைப்பதுதான் முறை. நான் ஒன்பதடி நீளத்தில் ஒரு பொன்டூன் படகு வாங்கினேன். காற்றடித்த இரண்டு நீள உருளைகள், அவற்றை இணைக்கும் இரும்புச் சட்டம், சட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான் படகு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு துடுப்புகள் உண்டு. ஆனால் மீன் பிடிக்கும்போது இரண்டு கையும் தூண்டிலுக்கு வேண்டும். அதனால் காலில் வாத்துப் பாதம் போன்ற ரப்பர்த் துடுப்பை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே உதைக்க வேண்டும். படகு நகரும், முதுகுப் பக்கமாக. அந்தப் பாதங்களோடு தண்ணீரில் இறங்குவதும் பின்னோக்கித்தான். நேராக நடந்தால் நுனி மடங்கி, ஏரிக்கு சாஷ்டாங்க நமஸ்காரம் செய்ய நேரிடும். நான் செய்தேன்.

இனி ஃப்ளை ஃபிஷிங். நம் ஊர்க் கண்மாயில் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, முள், மண்புழு இருந்தால் போதும். எடை முள்ளின் பக்கம் இருக்கும். வீசினால் அது முன்னே போகும், நரம்பு பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். முனையில் இருப்பது பூச்சி வேடம் போட்ட இறகு. முள்ளில் நூலால் சுற்றிக் கட்டியிருப்பார்கள். ஊதினால் பறந்துவிடும். எடை முழுவதும் தடித்த நரம்பில்தான். ஒன்பதடிக் கோலால் அந்த நரம்பைச் சாட்டைபோல முன்னும் பின்னும் சுழற்றி வீசினால், நரம்பு போய் இறகையும் கூட்டிக்கொண்டு போகும். முழு நீளம் 90 அடி வரும். வீசுவதற்கு முன் 30, 40 அடியை உருவி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மடியில் கிடக்கும் அந்த நரம்பின் குணம் எனக்கு அப்போது தெரியாது.

படகு வந்த வாரமே அலங்காரம் தொடங்கியது. கோல் செருக இடப்பக்கம் ஒரு தாங்கி, வலப்பக்கம் ஒரு தாங்கி. (என்னிடம் இருந்தது ஒரே கோல்.) ஆழம் காட்டும் கருவி, அதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி, காபிக் குவளைக்கு வளையம், கத்தரிக்கோல் தொங்க ஒரு சுருள் கயிறு, பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர், கண்ணாடி வைக்க ஒரு பை. எல்லாவற்றையும் போல்ட், வெல்க்ரோ, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கினேன். கடைசியில் படகு தெப்பத் திருவிழாவுக்குத் தயாரான தெப்பம்போல நின்றது. சீரியல் செட் மட்டும்தான் குறை.

நங்கூரம் இருந்தது. அதன் கப்பியைப் பின்பக்கம் பொருத்தச் சொல்லிக் கையேட்டில் படம் போட்டிருந்தார்கள். நான் சினிமாவில் பார்த்த கப்பல்களுக்கெல்லாம் நங்கூரம் முன்னால்தான் தொங்கியது. கையேடு எழுதியவர் கப்பலே பார்க்காதவர் என்று முடிவு கட்டி, முன்னால் பொருத்தினேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பாஸ் லேக் போனேன். டிசெப்ஷன் பாஸ் மாநிலப் பூங்காவில், 20ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் ஏரி. அங்கே ஃப்ளை ஃபிஷிங் மட்டும்தான் செய்யலாம். பிடித்த மீனை விட்டுவிட வேண்டும். லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். “மீனுக்கு லைசென்ஸ், வண்டி நிறுத்தக் காசு, பிடிச்சதையும் விட்டுட்டு வரணுமா?” என்று வீட்டில் கேட்டதற்கு, நான் அன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை.

வெயிலில் நின்று உருளைகளுக்குக் காற்றடித்தேன். தட்டினால் தவில்போல ஒலித்தது. பெருமையோடு தண்ணீரில் இறக்கினேன். ஏரித் தண்ணீர் குளிர்ச்சி. உள்ளே இருந்த காற்று சுருங்கியது. பத்து நிமிடத்தில் என் படகு ஆறிப்போன பூரியாகிவிட்டது. குளிர்ந்தால் வாயு சுருங்கும் என்று பள்ளியில் படித்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். திரும்பக் கரைக்கு வந்து பம்பை எடுத்தேன். இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மைதான்: தண்ணீரில் விறைப்பாக இருக்கும் படகைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், காற்று விரிந்து தையல் பிய்ந்துவிடலாம். படகைக் கரையேற்றும்போது கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும்.

பிறகு காற்று, அதாவது வெளிக்காற்று. இந்தப் படகு தண்ணீரில் அமிழாமல் மேலேயே மிதப்பதால் பட்டம்போல இழுபடும். நங்கூரத்தைப் போட்டேன். முன்னால் கட்டியிருந்ததால் படகு காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. நான் வீசிய இறகு, காற்றோடு திரும்பி வந்து என் தொப்பியில் குத்தியது. பின்னால் கட்டியிருந்தால் முகம் காற்று போகும் திசையில் இருந்திருக்கும், காற்றே என் நரம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். கையேடு எழுதியவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வீச்சு, நரம்பு இடத் தாங்கியில் சிக்கியது. விடுவித்தேன். அடுத்தது வலத் தாங்கி. அடுத்தது ஸ்பீக்கர். டேக் போட்டு வெட்டிய மிச்ச நுனிகள் ஒவ்வொன்றும் சப்பாத்திக்கள்ளி முள்போல நின்று நரம்பைப் பிடித்தன. நான் வசதிக்காக எட்டுப் பொருள் கட்டியிருந்தேன். நரம்பு எட்டையும் தேடிப்போய்ப் பார்த்தது, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவதுபோல.

பத்தரை மணிக்கு ஒரு மீன் கடித்தது. கோல் வளைந்தது. மீன் ஓட, நரம்பு ஓட, காபி வளையத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. குவளை எகிறியது. காபி மடியில், மீன் ஏரியில், பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் படகில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் படகில் நாற்காலி, துடுப்பு, பின்னால் நங்கூரம். வேறொன்றும் கண்ணில் படவில்லை. சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகள்மேல் பழைய குளியல் துண்டைப் போர்த்தியிருந்தார். மடியில் ஒரு வலைத்துணி, நரம்பு அதில் சமர்த்தாகச் சுருண்டு கிடந்தது. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நல்ல படகு. அதெல்லாம் கழற்றிவிட்டால்” என்றார்.

கட்டுவதற்கு மூன்று வாரம் ஆனது. கழற்ற ஒரு மாலை போதுமாக இருந்தது. மிஞ்சியவை: நாற்காலி, துடுப்பு, பின்பக்கம் மாற்றிய நங்கூரம், கைவலை, உயிர்காப்பு ஜாக்கெட், பம்ப். புதிதாகச் சேர்ந்தது அவருடையதுபோல மடியில் போட ஒரு வலைத்துணி. போல்ட்டுகளைப் போர்த்த வீட்டில் துண்டு கேட்டேன். “முதல்லயே துண்டு மட்டும் கேட்டிருந்தா எவ்வளவு மிச்சமாயிருக்கும்” என்றாள்.

அடுத்த முறை ஒரு ரெயின்போ ட்ரௌட் கிடைத்தது. பன்னிரண்டு அங்குலம் இருக்கும். தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றினேன். ஒரு நொடி கையில் நின்றுவிட்டு, வாலை ஒரு வீசு வீசிப் போய்விட்டது. வீட்டுக் கேள்விக்குப் பதில் அதுதான் என்று தோன்றியது. ஆனால் வீட்டில் அது செல்லாது. அன்று இரவும் சாம்பார்தான்.

கழற்றிய பொருள்கள் ஒரு பை நிறைய கராஜில் இருக்கின்றன. புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு முறை வெறும் படகோடு ஏரிக்குப் போய் வாருங்கள். திரும்பி வந்து பையைக் கேட்கமாட்டீர்கள்.