பனி உருண்டை

கேள்வி: பூமி சூடாவதே கட்டுக்கதை என்பவர்களை எப்படி நம்பவைப்பது?

பதில்: கஷ்டம்தான். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், வெளியே கிடந்த பனியை உருட்டி அவைக்கே கொண்டுவந்து, எவ்வளவு குளிர் பாருங்கள் என்று வீசிக் காட்டினார். சாப்பிட்டுக் கை கழுவியவர், உலகத்தில் பசியே இல்லை என்று ஏப்பம் விட்ட மாதிரி! அப்போது அவர் வகித்த பதவி? செனட்டின் சுற்றுச்சூழல் குழுத் தலைவர்.

சரி, நம்புகிறவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தை ஏற்ற கனடா, 2011-இல் விலகுவதாக அறிவித்தது. 2023 துபாய் பருவநிலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து விலகிச் செல்வோம் என்று அங்கே தீர்மானமும் போட்டார்கள். போட்ட கையோடு அடுத்த மாநாட்டுக்கு மூட்டை கட்டியது எங்கே தெரியுமா? எண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்போன பாகுவுக்கு!