கேள்வி – பதில்: எல்லையோரப் போட்டியாக்கள்

இமயமலையின் போட்டியா பழங்குடியினர் யார்? – திருப்பூர் வாசகர்

உத்தராகண்டில் திபெத் எல்லையை ஒட்டிய ஜோஹார், தர்மா, பியான்ஸ், நீதி, மாணா பள்ளத்தாக்குகளின் மக்கள். கோடைக்கு மேலே ஓர் ஊர், பனிக்காலத்துக்குக் கீழே ஓர் ஊர். ஆடுகளின் முதுகில் தானியமும் வெல்லமும் ஏற்றித் திபெத்துக்குப் போய், உப்பும் கம்பளி மயிரும் கொண்டுவந்த வணிகர்கள். லாசா வரை ரகசியமாக நடந்து அளந்த நயின் சிங் ராவத், ஜோஹாரின் மிலம் ஊர்க்காரர்தான்.

அந்த வியாபாரம் என்னவாயிற்று? – காரைக்குடி வாசகர்

1962 இந்திய-சீனப் போரில் கணவாய்கள் அடைபட்டன, வியாபாரமும் படுத்துவிட்டது. மந்தைகள் சுருங்கின, மிலத்தின் கல்வீடுகள் பல கூரையிழந்து நிற்கின்றன. 1967-ல் போட்டியாக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இட ஒதுக்கீட்டில் படித்துப் பலர் பெரிய அதிகாரிகளானார்கள். அது நியாயமான வெற்றி. ஆனால், குடும்பங்கள் நகரங்களுக்கு இறங்கியதில் தாய்மொழி பின்தங்கிவிட்டது. பியான்ஸி, தர்மா இரண்டுமே யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் உள்ளன.

அப்படியானால் அடையாளம் போய்விட்டதா? – கொடைக்கானல் வாசகி

இல்லை. சௌதான்ஸ் பள்ளத்தாக்கில் 12 ஆண்டுக்கொரு முறை கண்டாலி திருவிழா. தறியில் நூலை அடித்து இறுக்கும் கருவியைக் கையில் ஏந்திப் பெண்கள் முன்னே போய், பூத்த கண்டாலிச் செடிகளை அடித்து வீழ்த்துவார்கள். வெளியூர் போன பிள்ளைகளும் அதற்கு ஊர் திரும்புகிறார்கள். உங்கள் மலைக் குறிஞ்சியும் அந்தச் செடியும் ஒரே தாவரப் பேரினம்!

காட்டைப் பாதுகாத்தால் மக்களும் பிழைப்பார்கள்தானே? – சத்தியமங்கலம் வாசகர்

மக்களைச் சேர்த்துக்கொண்டால் மட்டும். 1974-ல் ரேணி கிராமத்து மரங்களை வெட்டவிடாமல் தடுத்தவர்கள் கௌரா தேவியும் அவ்வூர்ப் போட்டியா பெண்களும். 1982-ல் அதே பகுதியில் நந்தாதேவி தேசியப் பூங்கா வந்தது. மேய்ச்சல், மூலிகை, மலையேற்ற வழிகாட்டி வேலை எல்லாம் அக்கம்பக்க ஊர்களுக்குப் பறிபோயின. காட்டைக் காத்தவர்களையே காட்டுக்கு வெளியே நிறுத்தியது அநீதி.

சுற்றுலா பண்பாட்டைக் கெடுக்குமா? – மதுரை வாசகி

கல்லாவில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள், பதில் தெரிந்துவிடும். முன்சியாரியை ஒட்டிய சர்மோலியில் ஊர்ப் பெண்களே தங்கள் வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து, கிராமக் காட்டையும் பராமரிக்கிறார்கள். 2023-ல் மத்தியச் சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமமாக அதைத் தேர்ந்தெடுத்தது. வெளியூர் முதலாளியின் ஓட்டலில் இதே பெண்கள் பாத்திரம் கழுவினால், அதன் பெயர் வளர்ச்சி அல்ல.

பத்ரிநாத் போகிறோம். நாங்கள் என்ன செய்யலாம்? – கும்பகோணம் வாசகர்

அங்கிருந்து 3 கிலோமீட்டரில் மாணா கிராமம். வாசல்படியில் உட்கார்ந்து பெண்கள் பின்னும் காலுறை, குல்லாய்களை வாங்குங்கள். அடித்துப் பேரம் பேசாதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இரவு தங்குவதானால் உள்ளூர்க்காரர் வீட்டிலேயே தங்குங்கள். நீங்கள் செலவழிக்கும் பணம் அந்த மலையிலேயே தங்கட்டும்.