பார்க்கிங்கில் நிற்கும் பாத்டப் - தொடர்பாக

அனுப்புநர்:
பி பிளாக் மூன்றாம் தளத்து வீட்டுக்காரன் (மெயின்டனன்ஸ் பாக்கி இல்லாதவன்).

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம்,
கிளப் ஹவுஸ் மாடி, டேபிள் டென்னிஸ் மேசைக்குப் பின்புறம்,
தென்சென்னை.

ஐயா,

பொருள்: குளியலறைச் சீரமைப்பு - குளியல் தொட்டி ஒன்று அமைத்துக்கொள்ளத் தடையின்மைச் சான்று கோருதல் - நான்காவது நினைவூட்டு - தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு. 2. தங்களது பதினோரு கேள்விகள். 3. வாட்ஸ்அப் குழுவில் தாங்கள் நள்ளிரவில் அனுப்பிய ‘ரோமாபுரி ஏன் அழிந்தது?’ என்னும் காணொளி.

என் வீட்டுக் குளியலறை எட்டடிக்கு ஐந்தடி. கட்டிப் பதினான்கு வருடம் ஆகிறது. தரையில் மூன்று டைல்ஸ் காலை வைத்தால் ஆடுகின்றன. சுவரில் உப்பு பூத்திருக்கிறது. புதிதாக வரும் விருந்தாளிகள் அதை டிசைன் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். இதை உடைத்துக் கட்டும்போது ஒரு பாத்டப்பும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் பிளம்பரைக் கூப்பிட்டு, தாங்கள் திருப்பதி போயிருக்கும் வாரமாகப் பார்த்து வேலையை முடித்திருப்பார்கள். நான் விதியை மதிப்பவன். மனு கொடுத்தேன்.

பதிலுக்குப் பதினோரு கேள்விகள் வந்தன. முதல் கேள்வி ஒரே சொல்: “ஏன்?”

அதற்குப் பதில் சொல்ல லால்குடிப் பக்கம் போக வேண்டும். அங்கே என் மாமாவின் வயலில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருந்தது. அதன் முன்னால் இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. மோட்டார் போட்டதும் குழாய் முதலில் இரண்டு தடவை இருமும். பிறகு காற்றைத் துப்பும். அப்புறம் முதுகில் அறைகிற மாதிரி தண்ணீர் வந்து விழும். பாசி வழுக்கும் சுவரில் சாய்ந்து, கழுத்து வரை அமிழ்ந்து, விரல் நுனி கொழுக்கட்டை மாதிரி சுருங்கும் வரை கிடப்போம். “எந்திரிச்சு வாங்கடா, சோறு ஆறுது” என்று அத்தை வரப்பில் நின்று கத்துவாள். தண்ணீர் வீணாகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. வழிந்ததெல்லாம் வாய்க்கால் வழியே வாழைக்குத்தான் போயிற்று. அதை யாரும் ஆடம்பரம் என்றதும் இல்லை. பம்புசெட்டுக் குளியல் என்றார்கள், அவ்வளவுதான். எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம். ஆகவே ஐயா, ஏன் என்றால், அதனால்தான்.

நான்காவது கேள்விக்கு வருகிறேன்: “வசதிக்காகவா, பகட்டுக்காகவா?” இரண்டுக்குமாகத்தான் கடைக்குப் போனேன். பகட்டு கடை வாசலிலேயே தோற்றுவிட்டது. நடு ஹாலில் சிங்கப் பாதம் நான்கு வைத்து, சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் ரகம் ஒன்று இருந்தது. சினிமாக் கதாநாயகி நுரைக்குள்ளிருந்து காலைத் தூக்குவாளே, அந்த ரகம். “இது ஸ்டேட்மென்ட் பீஸ் சார்” என்றான் விற்பனைப் பையன். துடைப்பம் போய் வர அதைச் சுற்றி அரையடியாவது இடம் விட வேண்டும். என் எட்டடிக்கு ஐந்தடியில் அதை வைத்தால் கமோடை ஹாலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே சுவரோரமாகப் பொருந்தும் ஐந்தரையடிக்கு இரண்டரையடி ரகத்துக்கு இறங்கிவந்தேன்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. செருப்பு வாங்கினால் நடந்து பார்க்கிறோம். புடவை வாங்கினால் தோளில் போட்டுப் பார்க்கிறோம். தொட்டியை மட்டும் படத்தைப் பார்த்து எப்படி வாங்குவது? செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட் சட்டையோடு ஏழு தொட்டிகளில் படுத்துப் பார்த்தேன். கடைக்கு வந்த ஒரு குடும்பம் குழந்தையின் கண்ணை மூடி அழைத்துக்கொண்டு போனது. ஆனால் கற்றுக்கொண்டேன். ஐந்தரையடி என்பது விளிம்புக்கு விளிம்பு அளவு. அடியில் கால் நீட்ட நாலடிதான் மிஞ்சும். எத்தனை ஆழம் என்று பெருமைப்பட்டாலும், தண்ணீர் வழிந்தோடும் அந்த ஓட்டை வரைதான் நிரம்பும். அது தாழ இருந்தால் தொப்பை ஒரு தீவாக வெளியே நிற்கும். முதுகுப் பக்கம் செங்குத்தாக இருந்தால் பள்ளிக்கூட பெஞ்சு, ரொம்பச் சரிந்திருந்தால் நழுவி மூக்கில் தண்ணீர். விளிம்பு உயரமாக இருந்தால் தேய்ந்த முழங்கால் தாண்டாது. கறுப்புத் தொட்டி அழகுதான், ஆனால் நம் போர் தண்ணீருக்கு ஒரே வாரத்தில் விபூதி பூசிக்கொள்ளும். ஏழாவது தொட்டியில் தலை, முதுகு, குதிகால் மூன்றும் ஒரே நேரத்தில் இடம் கண்டன. கண்ணை மூடினேன். “துணி ஊறவைக்க வசதியாத்தான் இருக்கும்” என்றாள் என் வீட்டுக்காரி. வாங்கிவிட்டோம்.

சான்று கைக்கு வருமுன் வாங்கியது தவறுதான். மன்னிக்க வேண்டும்; தள்ளுபடி அன்றோடு முடிந்தது.

ஆறாவது கேள்வி, “கட்டடம் தாங்குமா?” நியாயமான கேள்வி. தங்கள் பதினொன்றில் நியாயமானவை இரண்டு, அதில் இது ஒன்று. வார்ப்பிரும்புத் தொட்டி வெந்நீரின் சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும். ஆனால் அதன் எடை மட்டுமே 150 கிலோ அளவில் வரும் என்பதால் விட்டுவிட்டேன். என்னுடையது அக்ரிலிக், 35 கிலோ. ஓட்டை வரை நிரப்பினால் 210 லிட்டர். ஆனால் நான் உள்ளே உட்கார்ந்தால் ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி என் உடம்பு ஏறத்தாழ 65 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊற்ற வேண்டியது 145 லிட்டர்தான். (நான் பெருக்கப் பெருக்கத் தண்ணீர்ச் செலவு குறையும் என்பதைச் சங்கம் கவனிக்க வேண்டும்.) என் எடை 78. மொத்தம் 258 கிலோ. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதி சதுர மீட்டருக்கு இரண்டு கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. என் குளியலறைப் பரப்புக்கு அது 740 கிலோ. சென்ற நவராத்திரியில் தங்கள் வீட்டு கொலுவுக்கு ஹாலில் ஒரே நேரத்தில் முப்பது மாமிகள் சுண்டலோடு நின்றார்கள். அவர்களிடம் தடையின்மைச் சான்று கேட்டதாக நினைவில்லை.

நியாயமான இன்னொரு கேள்வி, கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகுமா என்பது. பள்ளத் தளத்தின் பழைய ரப்பிஷ் முழுவதையும் அள்ளி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டுவதாக எழுதித் தந்திருக்கிறேன். தொட்டியின் பக்கவாட்டில், கையை விட்டு டிராப்பைத் திறக்க ஒரு சிறு கதவும் உண்டு. அந்தக் கதவு இல்லாமல் டைல்ஸ் வைத்து மூடிவிட்டு, பிறகு சம்மட்டி தேடுபவர்களை எங்கள் பிளம்பர் ‘பெரிய மனுசங்க’ என்கிறார்.

அடுத்தது தங்கள் பிரம்மாஸ்திரம்: “2019-ஐ மறந்துவிட்டீர்களா?” மறக்கவில்லை ஐயா. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்த கோடை அது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலேறி வந்தது. அந்த மாதங்களில் நம் லாரி வரும் நேரம் தெரியாமல் நானும் தாங்களும் சம்ப் மூடியருகே லுங்கியோடு நின்றிருக்கிறோம். அதனால்தான் கணக்கோடு வருகிறேன். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், அதில் குளிக்க 55 என்கிறது இந்தியத் தரம். வாரத்துக்கு 385. நான் ஆறு நாள் இரண்டு வாளி, அதாவது 36 லிட்டர் வீதம் குளித்து, ஞாயிறன்று மட்டும் தொட்டியில் கிடந்தால் ஆவது 361. வாரம் 24 லிட்டர் சங்கத்துக்கு மிச்சம். வட்டி வேண்டாம்.

மறுபக்கம், தினமும் காலை ஆறேகாலுக்கு ஏ பிளாக் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. மோட்டாரை நிறுத்த வேண்டியவர் டீக்கடையில் இருக்கிறார். குற்றாலம் போக வசதியில்லாத குழந்தைகள் அதன் கீழ் நிற்கிறார்கள். வாசலில் வாயால் தண்ணீர் உமிழும் சிமெண்டு டால்பினுக்கு எந்தப் பொதுக்குழு எத்தனை லிட்டர் ஒதுக்கியது? தலைவர் வீட்டில் கூரையிலிருந்து மழைபோல் கொட்டும் ஷவர் இருக்கிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும், அவர் ‘பாடிக்கொண்டு’ குளிக்கும் இருபது நிமிடத்தில் 200 லிட்டர். பாட்டு எங்கள் வீடு வரை கேட்கும். ஆகவே நேரக் கணக்கில் பிழை இருக்காது.

கீசர் பற்றிய கேள்வியை ஒரு வரியில் முடிக்கிறேன். 25 லிட்டர் கீசரால் இந்தத் தொட்டியை ஒரே மூச்சில் வெந்நீராக்க முடியாது. ஆனால் சித்திரை வைகாசியில் நம் மொட்டை மாடித் தொட்டியே அதை இலவசமாகச் செய்கிறது.

ஒன்பதாவது கேள்வி, “ஒரே நேரத்தில் எத்தனை பேர்?” இதற்குப் பதில் சொல்வதாக இல்லை. வீட்டுக்காரியைக் கேட்டேன், சிரிக்கக்கூட இல்லை.

கடைசியாகத் தங்கள் நிபந்தனைகள்: தொட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் சிறப்புக் கட்டணம் கட்ட வேண்டும், மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1917 டிசம்பர் 28-ஆம் தேதி ஹெச். எல். மென்கன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நியூயார்க் மாலைப் பத்திரிகை ஒன்றில் குளியல் தொட்டியின் வரலாற்றை எழுதினார். சின்சினாட்டியில் 1842-இல் முதல் தொட்டி வந்தது, டாக்டர்கள் ஆபத்து என்று எதிர்த்தார்கள், வர்ஜீனியா மாநிலம் தொட்டிக்கு ஆண்டுக்கு முப்பது டாலர் வரி போட்டது, பாஸ்டன் நகரம் மருத்துவர் ஆலோசனையின்றிக் குளிக்கத் தடை விதித்தது என்றெல்லாம் அதில் இருந்தது. அத்தனையும் கட்டுக்கதை. போர்க்காலத்தில் சும்மா சிரிக்க எழுதினேன் என்று 1926-இல் அவரே ஒப்புக்கொண்டார். அப்புறமும் ஜனங்கள் அதை வரலாறு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐயா, அமெரிக்கர்கள் நூறாண்டு முன்பு பொய்யாக மட்டுமே சாதித்ததை, தாங்கள் ஏழு பேர் கொண்ட செயற்குழுவில் கையெழுத்தோடு சாதித்திருக்கிறீர்கள்.

நிற்க. தொட்டி பதினொரு வாரமாக என் பார்க்கிங் இடத்தில் அட்டைப்பெட்டிக்குள் நிற்கிறது. லிஃப்டில் ஏற்றவும் சான்று வேண்டுமாம். சென்ற வாரம் அதன்மீது காவலாளி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்: ‘பதிவு எண் இல்லாத வாகனம். அபராதம் ரூ.500.’ முதலில் கோபம் வந்தது. பிறகு சங்கத்தின் துணைவிதிகளை எடுத்து வாகனங்கள் என்ற தலைப்பின் கீழ் நிதானமாகப் படித்தேன். அபராதத்தை இத்துடன் செலுத்திவிட்டேன். ரசீது தருமாறு வேண்டுகிறேன். ரசீதில் ‘வாகனம்’ என்று தெளிவாக இருக்கட்டும்.

ஏனெனில் அதே தலைப்பின் கீழ், வாகன உரிமையாளர்கள் ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை பொதுக் குழாயில் ஹோஸ் மாட்டித் தத்தம் வாகனங்களைக் கழுவிக்கொள்ளலாம் என்றிருக்கிறது. உட்புறத்தையும் கழுவலாம். கழுவும்போது உரிமையாளர் வாகனத்தினுள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. வரும் ஞாயிறு ஆறேகாலுக்கு, ஏ பிளாக் வழியத் தொடங்கும்போது, நான் துண்டோடு கீழே வருகிறேன். ஹோஸை அந்த டீக்கடைக்குப் போகும் மோட்டார்க்காரரிடம் கொடுத்துவைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பி பிளாக், மூன்றாம் தளம்.

நகல்: கீழ் வீட்டுக்காரர் (தகவலுக்காக, பயப்பட வேண்டாம்).