வீரமுனை வயற்பச்சையும் மொனிட்டர் சிக்கலும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமியுலேட்டர்க்காரர் இருவகைப்படுவர்: பறப்போர், பறக்குமுன் மொனிட்டரைத் திருத்துவோர். முன்னவர் ஆய்வுக்கு உதவார். ஆளைப் பிடிப்பதற்குள் மேலே போய்விடுவர். பின்னவர் பற்றித் தமிழில் இதுகாறும் ஒரு நூல்தானும் எழாமை பெருங்குறை. அது தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்களம், கிழக்கிலங்கையில் வீரமுனை வயலைப் பார்த்த யன்னலுள்ள ஓர் அறை. கருவி, கல்முனையில் தவணைக்கு எடுத்த ஒரு மொனிட்டர். பறப்புப் பாதை, மட்டக்களப்பு விமான நிலையத்தில் எழும்பி, கடலை இடப்புறம் வைத்துத் தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் வந்து, கல்முனையில் வலப்பக்கம் திரும்பி வயலைக் காண்டல்.

2. முன்னோர் நிலை

1979இல் புரூஸ் ஆர்ட்விக் அப்பிள் 2 கணினிக்குச் செய்த சிமியுலேட்டரில் மலை என்பது சில கோடுகள். நிறத் தகராறு இல்லை. ஆதலால் அறிஞர்க்கு வேலையுமில்லை. அஃது இருண்ட காலம். 1982இல் மைக்ரோசொஃப்ட் இதன் ஒரு பதிப்பை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் வந்த பதிப்பு பிங் வரைபடத்தின் செய்மதிப் படங்களையே நிலமாக விரித்துவிட்டது. அன்றுதொட்டு எவனும் தன் ஊரைத் தேடிப் பார்க்கலாம்; பார்த்துவிட்டு "இது எங்கட ஊர் நிறமில்லை" எனலாம். இத்துறையின் பொற்காலம் இவ்வாறு தொடங்கிற்று.

3. வெளிச்சவியல்

இக்கால எல்சிடி மொனிட்டரில் பிரைட்னஸைக் கூட்டினால் திரைக்குப் பின்னுள்ள விளக்கு கூடும், அவ்வளவே. "கூட்டுக" என்பது கல்முனைப் பாடம் (கடைச் சுவர், விலைப்பட்டியலின் கீழ்). "குறைக்க, கரண்ட் பில் யார் கட்டுற?" என்பது உம்மா உரை (குசினி வாசல், வாய்மொழி). பின்னதே வலியுடைத்து.

4. கொன்ட்ராஸ்ட்

கூட்டினால் முகில் முழுவதும் சுண்ணாம்புச் சுவராகும்; கூட்டற்க.

5. கூர்மை

கூட்டினால் இறக்கையைச் சுற்றி ஒளிவட்டம் விழும். ஞானியர்க்கு உரியது விமானத்துக்கு ஆகாது.

6. காமா

கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறங்களை ஆள்வது காமா. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசொஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி முறைப்படி அது ஏறத்தாழ 2.2, வெள்ளையின் நிறவெப்பநிலை 6500 கெல்வின். விமானி அறையின் நிழலிலுள்ள சுவிட்சும் தெரிந்து, வெளியே வானமும் வெளிறாதிருப்பின் காமா சரி.

எச்டிஎம்ஐ வயரில் கொம்பியூட்டர் 16 முதல் 235 வரையே அனுப்ப, மொனிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால், இரவுப் பறப்பில் கல்முனைக் கடல் கறுக்காது, சாம்பல் பூத்துக் கிடக்கும். இதனைக் கடலின் இயல்பெனக் கொண்டு உரைவகுத்தாரும் உளர் (பெயரழிந்த உரைகாரர், மொனிட்டர்ப் பெட்டியின் மூடி, உட்பக்கம், தேநீர்க்கறைக்குக் கீழ் மூன்றாம் வரி, இரண்டாம் வரியைக் கறையான் தின்றது. தின்ற வரியிலேயே விடை இருந்ததென்பது எம் துணிபு).

7. பச்சைச் சிக்கல்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலை.

திரையில் வீரமுனை வயல் கண்ணைக் குத்தும் பச்சையாய்த் தெரிகிறது. இது வயலின் பச்சையா, மொனிட்டரின் பச்சையா?

வயல் ஆண்டு முழுதும் ஒரு நிறத்தில் நில்லாது. பெரும்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசி, பங்குனியில் வெட்டு; பின் சிறுபோகம். விதைப்பில் மண்ணிறம், கதிர் பொதியும் குடலையில் கரும்பச்சை, வெட்டுக்கு முன் பொன்னிறம், பின்பு வெறும் தாள். செய்மதிப் படமோ ஒரே நாளில் எடுத்ததன்று. வெவ்வேறு நாளின் துண்டுகளைப் பொருத்தியது. ஆகவே பக்கத்துப் பக்கத்து வயல்வட்டைகளில் ஒன்று குடலையிலும் மற்றது வெட்டுப் பருவத்திலும் நிற்கக்கூடும்.

இங்கே அறிஞர் மூன்று பள்ளியினராய்ப் பிரிந்தனர். விதைப்புவாதியர் பச்சையைக் குறைக்க என்றனர். குடலைவாதியர் கூட்டுக என்றனர். சமரசவாதியர் "இரண்டும் ஒருவகையில் பொருந்தும்" என்று சொல்லி மாநாட்டு மலருக்கு முன்னுரை எழுதினர். இடையிடையே சில வட்டை மஞ்சளடிப்பதற்கு நான்காமவர் ஒருவர் வேறு காரணங் கண்டார். 2021 மே மாதத்தில் அரசு வர்த்தமானி வழி இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. படம் அதையடுத்த போகத்தில் எடுத்ததாயின், மஞ்சள் மொனிட்டரின் பிழையன்று, வர்த்தமானியின் பிழை. (மேற்படியார், 'உரமும் ஒளியும்', இன்னும் எழுதப்படாத இரண்டாம் பாகம், 412ஆம் பக்கம், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அச்சுப்பிழை நீக்கிக் கொள்க.)

இந்நிலையில், வயல்களை மேற்பார்க்கும் வட்டைவிதானை ஒருவரை அழைத்துத் திரையைக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பயிருக்கு யூரியா கூடிப்போச்சு. அறக்கொட்டி விழப்போகுது."

"விதானையார், இது படந்தானே?"

"படமெண்டாலும் கூடினது கூடினதுதான்."

பின் சட்டைப்பையிலிருந்து இலை நிற அட்டையை எடுத்தார். நெல்லிலையின் பக்கத்தில் பிடித்து, மஞ்சட்பச்சை முதல் கரும்பச்சை வரையுள்ள பட்டிகளில் எதனோடு ஒத்துப்போகிறதெனப் பார்த்து, யூரியா போடுவதா விடுவதா என்று முடிவெடுக்கும் பிளாஸ்டிக் அட்டை அது. அதைத் திரையில் வைத்தார். எந்தப் பட்டியோடும் ஒட்டவில்லை. திரை கடைசிப் பட்டியையும் தாண்டிய பச்சை. பொத்தானை அழுத்தி நிறச்செறிவைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். "இன்னும்" என்றார். குறைத்தோம். "நில்" என்றார்.

அத்தோடு விடவில்லை. "இலையில வெயில் பட்டா அட்டை பொய் சொல்லும். யன்னலச் சாத்துங்க. பார்க்கிறதும் ஒரே ஆள், ஒரே நேரமா இருக்கோணும்" என்றார். வயலில் அட்டை பிடிக்கும் விதி அதுவே. மொனிட்டர் திருத்துவோரும் அதைத்தான் செய்யவேண்டும்: திரையில் வெளியொளி விழலாகாது, காலையில் ஒருவரும் இரவில் வேறொருவரும் திருத்தினால் இரண்டும் ஒன்றாகா.

8. ஒரு புறனடை

தொட்டுப் பாராது பேசுதல் இத்துறைக்கு மட்டும் உரியதன்று. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைக் கணக்கிட்டு மீட்டு, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்நூல் குறித்துக் கருத்தரங்குதோறும் கட்டுரை படிப்போருள் ஒரு நரம்பையேனும் சுண்டிப் பார்த்தார் எத்தனை பேர் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எல்லைக்குட்பட்டது இதுவே: மூன்று பள்ளியினரில் ஒருவரும் யன்னலால் எட்டி வெளியே இருந்த வயலைப் பார்க்கவில்லை. அவர்கள் வாதிட்ட காலம் முழுதும் விமானமும் மட்டக்களப்பு ஓடுபாதையில் எஞ்சின் ஓடியபடியே நின்றது.

9. முடிபு

வட்டைவிதானையின் கூற்று எல்லாவகையிலும் சரியாயினும், அவர் பட்டதாரி அல்லர். எந்த ஆய்விதழிலும் எழுதியவருமல்லர். எனவே அவரை மேற்கோள் காட்ட எம் நெறிமுறை இடந்தரவில்லை. ஆதலின் நிறச்செறிவைக் குறைக்க, யன்னலைச் சாத்துக, ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க என்னும் மூன்றையும் எம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே ஈண்டுப் பதிவுசெய்கிறோம்.